இட்லிப்பூவும் ஈஸ்வரனும்

இங்கே மும்பை நர்சரிகளில் 'இக்சோரா' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். பெயரைக் கேட்டு ஏதோ சீமைச் செடி என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் இட்லிப்பூதான் அது. இலக்கியத்தில் வெட்சி. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் பிறந்த வீடு.

தொல்காப்பியம் புறத்திணைகளில் முதலில் வைப்பது வெட்சியைத்தான். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ. (மாடு ஓட்டிவரப் போகிறவனுக்குப் பூ எதற்கு என்றாள் என் பெண். யூனிஃபார்ம் என்றேன்!) கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களிலும் குறிஞ்சிக்குப் பக்கத்திலேயே வெட்சி இருக்கிறது.

பிறகு 17ஆம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் தயாரித்தார். இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்கள் சொன்ன தகவல்கள்தான் அதற்கு மூலதனம். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. மலையாளத்துச் 'செத்தி' அதில் 'செட்டி' ஆனது. 1753இல் லின்னேயஸ் இதற்கு 'இக்சோரா காக்சீனியா' என்று பெயரிட்டார். காக்சீனியா என்றால் செந்நிறம். இக்சோரா? நம் ஈஸ்வரன்தான், போர்த்துகீசியர் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டார். வைத்தியர் சொன்ன பெயர் போய், சாமி பெயர் நின்றது. என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு இது பெயர் மாறிய பழைய கணக்கு, இருப்பு நம்முடையதுதான்.

அந்த இருப்பைத்தான் இப்போது கத்தரித்துக்கொண்டிருக்கிறோம். வெட்சிப்பூவின் குழல் நீண்டு மெல்லியது. அடியில் இருக்கும் தேன், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிகளுக்கு எட்டும். காமன் மார்மன் போன்ற பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சிகள் அதைத் தேடி வருவது அதனால்தான். பூங்கொத்து வருவதோ கிளை நுனியில். ஹவுசிங் சொசைட்டிகளில் மாலி அடிக்கடி வேலியைச் சதுரமாக வெட்டும்போது முதலில் போவது அந்த நுனிதான். பச்சைச் சுவர் மிஞ்சும், பூ மிஞ்சாது. பார்க்க அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கென்னவோ மொட்டைத்தலை போலத்தான் தெரிகிறது.

வைக்க விரும்புகிறவர்கள் குட்டை ரகத்தை விட்டுவிட்டு, ஆளுயரம் வளரும் பழைய சிவப்பைக் கேளுங்கள். நல்ல வெயில் வேண்டும். மண்ணில் சுண்ணாம்பு ஆகாது. சிமெண்ட் சுவரை ஒட்டி வைத்தால் இலை மஞ்சளாகும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள். காய் பிடித்துக் கருஞ்சிவப்பாகப் பழுத்தால் பறிக்காமல் விடுங்கள், சின்னான் குருவிகள் வரும்.