ரப்பர் கம்பி கட்டிய குட்டி பேஸ்

லீவு நாட்களில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று சேர்த்த காசு 15,000 ரூபாய். "பைக்குக்கு அட்வான்ஸ் கட்டுடா" என்றான் ஃப்ரெண்ட். நான் வாங்கியதோ இரண்டரை அடி நீளத்தில் ஒரு பேஸ் கிட்டார். பார்க்க உகுலேலே மாதிரி இருக்கும். கம்பிகள் மட்டும் கறுப்பாக, தடியாக, ரப்பர் டியூப் கணக்காக.

அப்பா கட்டிங் மாஸ்டர், 25 வருஷ சர்வீஸ். கம்பியை ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஏன் கண்ணு, ஓசையே வரல, இதுக்கா இத்தன காசு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதன் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

உகுலேலே ஹவாய் வாத்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் தாய்வீடு போர்ச்சுகலின் மதீரா தீவு. 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் 400க்கும் மேற்பட்ட மதீராக்காரர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலூலுவில் இறக்கியது. அதில் வந்த நூனஸ், டயஸ், எஸ்பிரித்து சாந்தோ என்ற மூன்று தச்சர்கள் ஊர் ஞாபகத்தில் இருந்த குட்டி வாத்தியத்தை அங்கே கிடைத்த மரத்தில் செய்து விற்றார்கள். அரசர் கலகாவாவுக்கே அது பிடித்துப்போனது. (அதே 1879ல்தான், மே மாதம், இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 'லியோனிடாஸ்' ஃபிஜியில் கரை சேர்ந்தது. அங்கேயும் கரும்புதான். நம்ம மதராஸ் கப்பல்கள் 1903ல் போயின. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய சோகம்.)

பேஸ் கிட்டார் கதை வேறு. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியாது என்பதால், 1951ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டிக்கொள்ளும் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 34 அங்குலக் கம்பி, நான்கு சுருதி. 1976ல் 'அன்னக்கிளி' வந்ததற்குப் பிறகான பத்துப் பதினைந்து வருஷத்தில் இந்த வாத்தியத்துக்குத் தமிழில் கிடைத்த மரியாதை தனி. இளையராஜாவே கிட்டார் வாசிப்பவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் அவரே எழுதுவார். பேஸ் சும்மா தாளத்துக்கு டும் டும் என்று துணை போகாமல், பாடகருக்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு நடக்கும். அவருக்காக நிறைய பாட்டுகளில் அதை வாசித்தவர் சசிதரன். இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? நானும் போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். கேசட் அட்டையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயரைப் பெரும்பாலும் போடமாட்டார்கள். பனியன் லேபிளில் தைத்தவர் பெயர் இருக்கிறதா என்ன!

சரி, 34 அங்குலத்தை எப்படி 21 அங்குலமாகக் குறைப்பது? கம்பி குட்டையானால் சுருதி ஏறும். இறக்க வேண்டுமென்றால் தளர்த்தணும். ஸ்டீல் கம்பியைத் தளர்த்தினால் தொளதொளவென்று ஆடும். இங்கிலாந்தில் ஆஷ்வொர்த் ஜோன்ஸ், தார்ன்பரி என்ற இரண்டு பேர் 1980களின் நடுவில் இதற்கு சிலிக்கான் ரப்பரைப் பிடித்தார்கள். இரண்டு பேர் பெயரையும் ஒட்டவைத்து வாத்தியத்துக்கு 'ஆஷ்பரி' என்று பெயர். விரல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பவுடர் பூசிக்கொண்டு வாசிக்கணுமாம், கேரம்போர்டு மாதிரி :-) பிற்பாடு அமெரிக்காவில் ஓவன் ஹோல்ட் என்பவர் உகுலேலே உடம்பில் பாலியூரித்தேன் கம்பி கட்டினார். 'காலா' கம்பெனி அதைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது. இரண்டடிக் கம்பிகூட இல்லை, ஆனால் பெரிய பேஸின் அதே 41 ஹெர்ட்ஸ் அடிச்சுருதி வருகிறது.

பாலியூரித்தேன் என்று படித்ததும் எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று பார்த்தால்... நம்ம லைக்ரா! 1958ல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த அந்த நூலில் குறைந்தது 85 சதவீதம் பாலியூரித்தேன் வகைதான். திருப்பூரில் லெக்கிங்ஸ் தைக்கும் துணியும் என் பேஸ் கம்பியும் பங்காளிகள். இரண்டும் இழுபடும் குணத்துக்காகவே வாங்கப்படுபவை. முதல் வாரம் முழுக்கக் கம்பி நீண்டுகொண்டே போய், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்துவிட்டேன். அப்பாதான், "புது எலாஸ்டிக் அப்படித்தான் இழுக்கும், பொறு" என்றார். பொறுத்தேன், நின்றுவிட்டது.

எங்கள் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள். மெஷினில் மாட்டாமல் வாசித்தால் இதன் சத்தம் பக்கத்து ரூமுக்குக்கூடப் போகாது. நான் இதை வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான்.

போன ஞாயிறு அப்பா காதில் ஹெட்போனை மாட்டி 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டைப் போட்டேன். கம்பெனி ஸ்பீக்கரில் அவர் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அது ஓட ஓட, பேஸ் வரும் இடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஹெட்போனைப் பாதி கழற்றி என் விரலைப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "இது முந்தியே இதுல இருந்துச்சா?" என்றார். "இருந்துச்சுப்பா." "திருப்பிப் போடு."

இரண்டாவது சரணத்தில் இன்னும் விரல் தடுமாறுகிறது. 14ந் தேதி செமஸ்டர் வேறு, கன்சைன்மென்ட் அக்கவுண்ட்ஸ் ஒரு பக்கம்கூடத் தொடவில்லை. வர்ட்டா!