மிஃமார் ஸினான்: படைப்பிரிவைத் துறந்த தச்சர்

கைத்தொழில் கற்ற இளைஞன் ஒருவன் முன் இரு வழிகள் திறந்திருப்பது எல்லாக் காலத்திலும் நிகழ்வதே. ஒன்று அரசின் படைப்பணி; மாதந்தோறும் ஊதியமும் படிப்படியான பதவி உயர்வும் அதில் உண்டு. மற்றொன்று, கற்ற தொழிலையே வாழ்வாக்கிக் கொள்வது. அதில் எதுவும் உறுதியில்லை. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பது நம் மரபன்று. ஜாலூத்தைப் போர்க்களத்தில் வீழ்த்திய தாவூத் நபி (அலை) அவர்களே இரும்பை வளைத்துக் கவசம் செய்த கைவினைஞராகவும் திருக்குர்ஆனில் காட்சி தருகிறார்கள். நம்பிக்கையாளர் அனைவரும் ஒருசேரப் போருக்குப் புறப்பட வேண்டியதில்லை என்பதையும், ஒரு சாரார் அறிவைத் தேடித் தம் சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதையும் ‘அத்தவ்பா’ அத்தியாயம் உணர்த்துகிறது. ஆயினும் தனி மனிதர் ஒருவருக்கு எது தன் வழி என்று தெளிவது எளிதன்று. உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான மிஃமார் ஸினானுக்கு அத்தெளிவு ஏறத்தாழ ஐம்பதாவது வயதில்தான் கிட்டியது.

ஸினான் ஏறக்குறைய 1490இல், அனடோலியாவின் கைஸரி நகரை அடுத்த அகிர்னாஸ் என்னும் சிற்றூரில், கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். முதலாம் ஸலீமின் ஆட்சிக் காலத்தில் (1512–1520) ‘தெவ்ஷிர்மே’ முறையின் கீழ் அவர் அரச சேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். கிறிஸ்தவக் குடிகளின் ஆண் மக்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, இஸ்லாத்தில் வளர்த்து, படைக்கும் நிர்வாகத்துக்கும் பழக்கிய முறை அது. பாதுகாப்பு உடன்படிக்கை பெற்ற திம்மிக் குடிகளின் பிள்ளைகளை இவ்வாறு எடுப்பது ஷரீஅத்துக்கு எவ்வாறு இசையும் என்ற வினா கடினமானது. அம்முறை ஈன்ற பெருமக்களின் புகழைக் கொண்டு அவ்வினாவை மூடிவிட இயலாது. ஸினான் படைக்கு வந்தது அவருடைய தேர்வன்று என்பதை மனத்திற்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

அவருக்குக் கிட்டிய முதல் தேர்வு தொழிலில்தான். யெனிச்சேரிப் படையில் சேருமுன் இத்தகைய இளைஞர்கள் ‘அஜமி’ என்ற பயிற்சி நிலையில் பல ஆண்டுகள் கழித்தனர்; கட்டுமான வேலைகளும் அவர்களைக் கொண்டே நடைபெற்றன. அக்காலத்தில் தச்சுத் தொழிலில் தமக்கு நாட்டம் ஏற்பட்டதாக ஸினான் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். முதுமையில் அவர் சொல்லச் சொல்ல, நண்பரும் கவிஞருமான முஸ்தஃபா ஸாயீ எழுத்தில் வடித்த வாழ்க்கைக் குறிப்புகளே இதற்கும், இனி வருவனவற்றில் பலவற்றுக்கும் ஆதாரம்.

தச்சர் படைவீரரானார். 1521இல் பெல்கிரேடு, 1522இல் ரோட்ஸ், 1526இல் மொஹாச், 1529இல் வியன்னாவை நோக்கிய படையெடுப்பு, 1534இல் பக்தாத் எனச் சுல்தான் ஸுலைமானின் பெரும் படையெடுப்புகள் பலவற்றில் அவர் பங்கு கொண்டார். ஒவ்வொன்றின் பின்னும் பதவி உயர்ந்தது. எனினும் தச்சுத் தொழில் அவரை விட்டு அகலவில்லை. கிழக்குப் படையெடுப்பின்போது, வான் ஏரியின் மறுகரையில் எதிரியின் நிலையை அறிய மூன்று படகுகள் தேவைப்பட்டன. லுத்ஃபி பாஷாவின் ஆணைப்படி ஸினான் அவற்றைக் கட்டினார். அவற்றைச் செலுத்திச் சென்றவரும் அவரே. 1538இல் மொல்தாவியப் படையெடுப்பில் புரூத் ஆறு குறுக்கிட்டது. சதுப்பு நிலத்தில் பாலம் நிலைகொள்ளாமல் படை தடுமாறியபோது, லுத்ஃபி பாஷா ஸினானின் பெயரை முன்மொழிந்தார். 13 நாட்களில் பாலம் எழுந்தது. சுல்தானும் படையும் ஆற்றைக் கடந்தனர்.

இதையடுத்தே திருப்பம் நேர்ந்தது. அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் அஜம் அலி மறைந்தார். 1539இல் தலைமை வஸீரான லுத்ஃபி பாஷா, அப்பதவிக்கு ஸினானே தகுந்தவர் எனக் கருதினார்.

இன்று நமக்கு இது மறுபேச்சின்றி ஏற்கத்தக்க வாய்ப்பாகத் தோன்றலாம். ஸினானுக்கு அவ்வாறு தோன்றவில்லை. யெனிச்சேரிப் பாதையை விட்டு விலகும் எண்ணம் தமக்கு வேதனை அளித்ததை அவர் மறைக்கவில்லை. சுமார் கால் நூற்றாண்டு அவர் நடந்த பாதை அது. பெற்றோரைப் பிரிந்த ஒருவருக்குப் படைப்பிரிவே குடும்பமாகவும் இருந்தது. அதன் படிகளில் ஏறிப் பெரும்பதவிகளை எட்டியோர் பலர். கட்டடக் கலைஞரின் பதவியோ அவரை அவ்வரிசையிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றிவிடும். இறுதியில் அவர் மனத்தைத் திருப்பியது, பல பள்ளிவாசல்களை எழுப்பி இம்மையிலும் மறுமையிலும் பயன் பெறலாம் என்ற எண்ணமே. அவர் எடைபோட்டது வசதியையும் ஆபத்தையும் அன்று; எந்தப் பணி தம்மிடம் உள்ள திறனுக்கு உரியது என்பதையே.

படையில் கழிந்த ஆண்டுகள் வீணாகவும் இல்லை. படையெடுப்புகள் அவருக்குப் பல நாடுகளின் கட்டடங்களைக் காட்டின. சதுப்பில் அடித்தளம் இடுதல், பெருந்தொகைத் தொழிலாளரை ஒழுங்குபடுத்துதல், குறித்த நாளில் வேலையை முடித்தல் ஆகியவற்றை அவர் களத்திலேயே கற்றார். ஸுலைமானிய்யா பள்ளிவாசல் வளாகம் (1550–1557) எழுந்தபோது எழுதப்பட்ட கணக்கேடுகள் இன்றும் எஞ்சியுள்ளன. கூலி பெற்ற முஸ்லிம், கிறிஸ்தவக் கைவினைஞர்களோடு, அவர் ஒருகாலத்தில் இருந்தது போன்ற அஜமி இளைஞர்களும் அங்கு உழைத்ததை அவை காட்டுகின்றன.

அவர் பெயரால் அறியப்படும் பணிகள் நானூறைத் தாண்டும். அவற்றில் இஸ்தன்பூலுக்குக் குடிநீர் கொணர்ந்த கிர்க்செஷ்மே நீர்வழியும் உண்டு. 1563இன் பெருவெள்ளம் அதன் மஃலோவா நீர்ப்பாலத்தை இடித்தபோது அதை மீண்டும் கட்டியெழுப்பினார். புயூக்செக்மேஜே பாலம் 1567இல் நிறைவுற்றது. ஷஹ்ஸாதே பள்ளிவாசலைத் தம் பயிற்சிக் காலப் படைப்பு என்றும், எதிர்னேயின் ஸலீமிய்யாவைத் தம் தேர்ச்சியின் படைப்பு என்றும் அவர் கூறியதாக வழங்கப்படுகிறது. ஷஹ்ஸாதே 1548இல் முடிந்தபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவ்வயதின் படைப்பைப் பயிற்சி என்றழைத்ததாக மரபு சொல்வது, புதிய தொழிலின் தொடக்கத்தில் அவர் மீண்டும் மாணவராக அமர்ந்தார் என்பதையே குறிக்கிறது.

படை அவரை ஊரிலிருந்து பிரித்தது. தொழிலில் அடைந்த செல்வாக்கு அவ்வூருக்குப் பயன்பட்டது. சைப்ரஸ் கைப்பற்றப்பட்டபின் அனடோலியக் குடிகள் அங்குக் கட்டாயமாகக் குடியேற்றப்பட்டனர். கைஸரிப் பகுதியில் வாழ்ந்த தம் உறவினருக்கு விலக்களிக்குமாறு ஸினான் வேண்டினார். 1573இல் அரசாணை அவ்விலக்கை வழங்கியது. அறுபது ஆண்டுகளாயினும் அவர் தம் குடும்பத்தை மறக்கவில்லை.

மூன்று சுல்தான்களின் கீழ் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் பணியாற்றி, 1588இல் அவர் மறைந்தார். ஸுலைமானிய்யாவின் மதிலை ஒட்டிய சிறு மண்ணறையில் அடக்கமாகியுள்ளார். கல்லறை வாசகம் எழுதியவர் ஸாயீ. அதில் பெயர் சுட்டப்படும் பணிகளுள் புயூக்செக்மேஜே பாலமும் ஒன்று. படைகள் கடப்பதற்காகப் புரூத் ஆற்றில் 13 நாட்களில் எழுந்த மரப்பாலம் இன்றில்லை. வணிகரும் வழிப்போக்கரும் கடக்க அவர் எழுப்பிய அக்கற்பாலம் இன்றும் நிற்கிறது.