எம்.பி.ஏ.வா, பி.ஜி.டி.எம்.மா? – ஒரு குழப்பத்தின் வரலாறு

(மெக்கானிக்கல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் எழுதியது)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "டெக்னிக்கலா எதுவும் வேண்டாம், பசங்களுக்குப் பிரயோஜனமா எழுதுப்பா" என்றார்கள். எது பிரயோஜனம் என்று யோசித்தேன். கல்லூரிக்கு வரும்போதெல்லாம் ஃபைனல் இயர் பிள்ளைகள் என்னைப் பிடித்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, எம்.பி.ஏ. பண்ணலாமா? எம்.பி.ஏ. நல்லதா, பி.ஜி.டி.எம். நல்லதா?" ஒரு வரியில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே படிப்புக்கு இரண்டு பெயர் ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் பதில் பிடிபடும். அதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

பட்டறையில் பிறந்த படிப்பு

வணிகத்தைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர முடியும் என்று முதலில் நம்பியவர்கள் அமெரிக்கர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881-ல் தொடங்கியது. ஆனால் அது இளங்கலை மாணவர்களுக்கு. முதுநிலையில் முதல் பள்ளி டார்ட்மத் கல்லூரியின் டக் பள்ளி, ஆண்டு 1900. அங்கே தந்த பட்டத்துக்கு 'மாஸ்டர் ஆஃப் கமர்ஷியல் சயின்ஸ்' என்று பெயர். 'எம்.பி.ஏ.' என்ற மூன்றெழுத்து 1908-ல் ஹார்வர்டில்தான் வந்தது. முதல் வருடம் அங்கே 15 ஆசிரியர்கள், 33 முழுநேர மாணவர்கள். நம் டிபார்ட்மென்டில் ஒரு செக்‌ஷனில்கூட இதைவிட அதிகம் பேர் இருந்தோம்! நுழைவுத் தேர்வெல்லாம் கிடையாது. கையில் ஒரு கல்லூரிப் பட்டம் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான தகுதி.

இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அந்த ஆரம்ப வருடங்களில் ஹார்வர்டுக்கு வந்து விரிவுரை நடத்தியவர்களில் ஒருவர் எஃப்.டபிள்யூ. டெய்லர் என்ற மெக்கானிக்கல் எஞ்சினியர். லேத் பட்டறையில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தவர். 'அறிவியல் மேலாண்மை' பற்றிய அவருடைய புத்தகம் 1911-ல் வந்தது. இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் பேப்பரில் நாம் உருப்போட்ட அதே டெய்லர்தான். ஆக, மேனேஜ்மென்டுக்குப் போகும் எஞ்சினியர் வேறு சாதிக்கு மாறவில்லை, ஒருவகையில் தாய்வீட்டுக்குத்தான் போகிறான்.

நுழைவுத் தேர்வு வந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டம் பெருகியது. யாரை எடுப்பது, யாரை விடுவது? 1953-ல் ஒன்பது வணிகப் பள்ளிகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசி, பொதுவாக ஒரு தேர்வு வைப்பது என்று முடிவு செய்தார்கள். 1954-ல் அது நடந்தது. 1976-ல் அதற்குச் சூட்டிய பெயர்தான் ஜிமேட்.

1959-ல் இன்னொரு திருப்பம். ஃபோர்டு அறக்கட்டளைக்காக ஒன்றும் கார்னகி அறக்கட்டளைக்காக ஒன்றுமாக இரண்டு அறிக்கைகள் வந்தன. வணிகப் பள்ளிகள் வெறும் தொழிற்பயிற்சிக் கூடங்களாக இருக்கின்றன, ஆராய்ச்சி போதாது, கணிதம் போதாது, மனித நடத்தை பற்றிய அறிவியலும் போதாது என்று இரண்டுமே வெளுத்து வாங்கின. அதற்குப் பிறகுதான் பாடத்திட்டத்தில் புள்ளியியலும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் கெட்டியாக இடம் பிடித்தன. எஞ்சினியர்களுக்கு இந்தப் படிப்பு இவ்வளவு ஒத்துப்போவதற்கு ஒரு காரணம் இதுவே.

இந்தியாவில் இரண்டு பாதைகள்

நம் நாட்டில் மேலாண்மைக் கல்வி ஐ.ஐ.எம்.மில் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைப் பாதிரியார்கள் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யை 1949-லேயே தொடங்கிவிட்டார்கள். எஃகு ஆலை ஊர். தொழிலாளர் உறவு பெரிய விஷயம். இன்றைக்கும் மனிதவள மேலாண்மை என்றால் அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது. 1953-ல் கல்கத்தாவில் சமூகநலம் மற்றும் வணிக மேலாண்மை நிறுவனம் வந்தது. 1954-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் எஃப்.எம்.எஸ். வந்தது. பல்கலைக்கழகம் வழியாக வந்த படிப்பு என்பதால் அதற்குப் பெயர் எம்.பி.ஏ.

அடுத்து மத்திய அரசு. அமெரிக்காவில் அந்த இரண்டு அறிக்கைகளும் வந்த அதே 1959-ல், கலிஃபோர்னியாவிலிருந்து ஜார்ஜ் ராபின்ஸ் என்ற பேராசிரியர் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு இங்கே வந்து ஓர் அறிக்கை கொடுத்தார். தேசிய அளவிலான மேலாண்மை நிறுவனம் வேண்டும், அது பல்கலைக்கழகத்துக்கு வெளியே தன்னிச்சையாக இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். 1961 நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் பிறந்தன. கல்கத்தாவுக்குக் கைகொடுத்தது எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி, அகமதாபாத்துக்கு ஹார்வர்டு. அகமதாபாத்துக்காக ஓடியாடி உழைத்தவர்களில் முக்கியமானவர் நம் விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய். பெங்களூர் 1973-லும் லக்னோ 1984-லும் சேர்ந்தன.

இங்கேதான் குழப்பத்தின் வித்து விழுந்தது. ஐ.ஐ.எம்.கள் சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டவை, பல்கலைக்கழகங்கள் அல்ல. 1956-ம் வருட யூ.ஜி.சி. சட்டப்படி பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் 'பட்டம்' தர முடியும். அதனால் ஐ.ஐ.எம். தந்தது 'போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா', அதாவது பி.ஜி.டி.எம். முனைவர் அளவுக்கு ஆராய்ச்சி செய்தவருக்குக்கூட பிஎச்.டி. கிடையாது, 'ஃபெலோ' என்ற பெயர்தான். சுதந்திரம் கிடைத்தது: பாடத்தை நினைத்தபோது மாற்றலாம். அதற்குக் கொடுத்த விலை 'பட்டம்' என்ற சொல்.

இந்தியாவில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. டிப்ளமா, டிகிரியை விட உசத்தியான விசித்திரம் நம் நாட்டில் நடந்தது! ஆனால் வெளிநாட்டில் டிப்ளமா என்றால் பள்ளி இறுதிச் சான்றிதழோ என்று கேட்பவர்களும் உண்டு. 1991-க்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் மழைக்காளான்கள் மாதிரி முளைத்தபோது இந்த 'பி.ஜி.டி.எம்.' என்ற பெயர் எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. பல்கலைக்கழக இணைப்பு வேண்டாம், ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி போதும். பெயர் ஐ.ஐ.எம்.மில் தருவதுதான், சரக்கு அதுதானா என்பது வேறு கேள்வி.

கடைசியில் 2017-ம் வருட ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி 31-ல் அமலுக்கு வந்தது. பட்டம் தரும் அதிகாரம் கிடைத்தது. ஐ.ஐ.எம்.களின் முதன்மைப் படிப்பு எம்.பி.ஏ. ஆனது, ஃபெலோ பிஎச்.டி. ஆனது. 1963-ல் பம்பாயில் தொடங்கி, எஞ்சினியர்களின் செல்லப் பிள்ளையாக இருந்த 'நிட்டி'யும் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. போன்ற பழம் பெருமை உள்ள இடங்கள் பி.ஜி.டி.எம். பெயரிலேயே தொடர்கின்றன. ஆக, பெயரை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

பெயர் எப்போது முக்கியம்?

அப்படியானால் பெயரைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், ஓர் இடத்தில். நம் ஜூனியர் ஒருவர் தனியார் நிறுவனம் ஒன்றில் பி.ஜி.டி.எம். முடித்தார். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருந்தது. வேலையும் கிடைத்தது. சில வருடம் கழித்து, கல்லூரி ஆசிரியராக ஆசைப்பட்டு ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தார். "உங்கள் டிப்ளமா எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்று ஏ.ஐ.யூ. கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை. அந்த நிறுவனம் அதை வாங்கவே இல்லை. அப்பா நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு இவர் அப்போதும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி வேறு, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தரும் சமநிலை வேறு. தனியார் கம்பெனி வேலைக்குப் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கும் ஆசிரியர் பணிக்கும் அரசு வேலைக்கும் கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எந்த வாசல், என்ன சாவி?

ஐ.ஐ.எம்.களின் பொதுத் தேர்வை நம் ஹாஸ்டலில் 'கேட்' என்போம். "எந்தக் கேட்? எம்.டெக். கேட்டா, எம்.பி.ஏ. கேட்டா?" என்று மறுபடி கேட்பார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்! அதனால் இங்கே சி.ஏ.டி. என்றே எழுதுகிறேன்.

1970-களில் தொடங்கிய இந்தத் தேர்வு பேப்பர் பென்சிலில்தான் நடந்தது. 2003 நவம்பரில் வினாத்தாள் வெளியாகி, தேர்வு ரத்தாகி, 2004 பிப்ரவரியில் எல்லாரும் மறுபடி எழுதினார்கள். 2009-ல் கம்ப்யூட்டருக்கு மாறியது. 2020 முதல் இரண்டு மணி நேரம்: ஆங்கிலம், தரவு விளக்கம் – தர்க்கம், கணிதம், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். இளங்கலையில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. ஃபைனல் இயரிலேயே எழுதலாம்.

மதிப்பெண் பர்சன்டைலில் வரும். 99 பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 மார்க் என்று அர்த்தமில்லை. எழுதிய நூறு பேரில் 99 பேருக்குக் குறையாமல் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். 2023, 2024 இரண்டு வருடமும் பதிவு செய்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அதோடு முடியாது. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கும் கணக்கில் வரும். எஞ்சினியர் அல்லாதவர்களுக்குச் சில ஐ.ஐ.எம்.கள் கூடுதல் புள்ளி தருகின்றன. பாதி வகுப்பு எஞ்சினியர்களாகவே நிறைந்துபோனதால் வந்த ஏற்பாடு அது. நமக்குக் கஷ்டமாக இருந்தாலும் நியாயம்தான்.

எக்ஸ்.எல்.ஆர்.ஐ.க்கு எக்ஸாட் தனித் தேர்வு. அதில் 'முடிவெடுத்தல்' என்று ஒரு பகுதி உண்டு. கணக்கு மட்டும் தெரிந்தவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஐ.ஐ.டி.களின் எம்.பி.ஏ.வுக்கு முன்பு ஜெமேட் என்ற தனித் தேர்வு இருந்தது. 2012 சேர்க்கை முதல் சி.ஏ.டி.தான்.

நம் ஊரிலும் வாசல்கள் உண்டு. சென்னையில் லயோலாவின் லிபா 1979-ல் தொடங்கியது. திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984-ல் வந்தது, 2011-ல் ஐ.ஐ.எம்.மே திருச்சிக்கு வந்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதி, கவுன்சலிங் மூலம் அரசு, பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேரலாம். கட்டணம் குறைவு, இட ஒதுக்கீடு உண்டு. வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்காத பிள்ளைகள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு

ஒரு வருடப் படிப்பு என்பது ஐரோப்பிய வழி. பிரான்சில் 1957-ல் தொடங்கிய இன்சியாட் அதற்குப் பேர் போனது. இங்கே ஹைதராபாத் ஐ.எஸ்.பி. 2001-ல் அந்த வழியைக் கொண்டு வந்தது. 2006-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மும் அனுபவசாலிகளுக்காக ஒரு வருடப் படிப்பைத் தொடங்கியது. இவற்றுக்கு ஜிமேட் மதிப்பெண் செல்லும். அது ஐந்து வருடம் செல்லுபடியாகும். சி.ஏ.டி. அந்த வருடச் சேர்க்கைக்கு மட்டும்தான்.

அனுபவம் வேண்டுமா, உடனே படிக்கலாமா? இரண்டுக்கும் உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரரான சி.கே. பிரகலாத், லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் அகமதாபாத் போனார், 1966-ல் முடித்தார். பின்னால் உலகமே கேட்கும் மேலாண்மைப் பேராசிரியர் ஆனார். இந்திரா நூயி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1974-ல் முடித்து, 1976-ல் கல்கத்தா ஐ.ஐ.எம். டிப்ளமா வாங்கினார். சில வருடம் வேலை பார்த்து, பிறகு யேல் போய் 1980-ல் இன்னொரு முதுநிலைப் பட்டம் பெற்றார். அதுவும் எம்.பி.ஏ. அல்ல! அந்தக் காலத்தில் யேல் தந்த பட்டத்தின் பெயரே வேறு. 1999-ல்தான் அங்கே எம்.பி.ஏ. என்று மாற்றினார்கள். எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்து இல்லாமலே பெப்சி கம்பெனியின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார் அந்த அம்மா.

தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை

2004-ல் ஐ.ஐ.எம். கட்டணத்தை வருடம் ஒன்றரை லட்சத்திலிருந்து முப்பதாயிரமாகக் குறைக்கச் சொல்லி அரசு ஆணை போட்டபோது நாடே விவாதித்தது. அந்த ஆணை நிற்கவில்லை. அதன் பிறகு அகமதாபாத்தில் கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. முன்னணியில் இல்லாத சில இடங்களிலும் பத்து, பன்னிரண்டு லட்சம் கேட்கிறார்கள். அப்பா அம்மாவின் கையெழுத்து விழுகிற கடன் அது. அதனால் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, பட்டமா, டிப்ளமாவா; டிப்ளமா என்றால் ஏ.ஐ.யூ. சமநிலை உண்டா? இரண்டு, எந்தத் தேர்வை ஏற்கிறார்கள். தேர்வே இல்லாமல் "வாங்க, சீட் இருக்கு" என்கிறார்களா? அப்படியென்றால் உஷார். மூன்று, வேலை கிடைத்தவர்களின் சராசரிச் சம்பளத்தைக் கேட்காதீர்கள், நடு மதிப்பைக் கேளுங்கள். ஒரே ஒருவருக்கு அரை கோடி கிடைத்தால் சராசரி ஏறிவிடும். புள்ளியியல் படித்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு, எனக்கு இது இப்போதே வேண்டுமா, இரண்டு வருடம் ஷாப் ஃப்ளோரில் நின்றுவிட்டு வரலாமா?

கடைசிக் கேள்விக்கு என் பதில், நின்றுவிட்டு வாருங்கள் என்பதுதான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு மெஷின் நின்றுபோனால் என்ன ஆகிறது என்று பார்த்தவனுக்கு வகுப்பில் சொல்லும் பாடம் வேறு மாதிரி புரியும். ஆனால் வீட்டு நிலைமை ஒவ்வொருவருக்கும் வேறு. யாரும் யாருக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது.

இந்தச் சந்திப்புக்கு வரும் சீனியர்களில் எம்.பி.ஏ. படித்தவர்களும் உண்டு, படிக்காமலே தொழிற்சாலை நடத்துகிறவர்களும் உண்டு. மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், நம் கல்லூரிப் பிள்ளை என்றால் எல்லாரும் மனம் திறந்து பேசுவார்கள்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் நட்பு!