ஆதிரங்கத்தில் ஒரு நாள்

மைசூரில் வண்டி ஏறினால், பிள்ளைகள் புளியோதரைப் பொட்டலத்தை உண்டு முடிப்பதற்குள் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்துவிடும். சென்ற தை மாதத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில அங்ஙனம் சென்று இறங்கி, ஊரறிந்த பெரியவர் ஒருவர் வழிகாட்ட, கால்நடையாகவே கோட்டையைச் சுற்றி வந்தோம்.

காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து அணைத்துக் கிடக்கும் தீவு இது. இதனை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வழங்குவர். மூன்றையும் தழுவிச் செல்வது ஒரே ஆறு. ஆகவே சன்னிதியில் நின்ற நம் மாதர் எவரும் அயலூர் என்று எண்ணவில்லை. கங்கர் காலத்தில் எழுந்த கோயிலைப் போசளரும் விசயநகர வேந்தரும் பெருக்கினர். திருமாலின் 24 திருவுருவங்களைத் தாங்கிய தூண்களை விட்டுப் பிள்ளைகள் எளிதில் நகரவில்லை. திப்பு சுல்தான் இக்கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் அளித்தவர் என்பதைப் பெரியவர் அழுத்திச் சொன்னார்.

கோயில் வாயிலை விட்டு அகன்ற வீதியில் இறங்கினால், அருகிலேயே திப்புவின் லால் மகால் இருந்த இடம். 1610இல் ராஜ உடையார் கைக்கொண்டது முதல் தலைநகராய் விளங்கிய ஊர், 1799 மே 4ஆம் நாள் திப்பு வீழ்ந்தபின் அப்பெருமையை மைசூருக்கு விட்டுக்கொடுத்தது. மாளிகையைப் பிரித்துவிட்டார்கள். அதன் மரங்கள் மலையேறி, 1830இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு உத்தரமாயின. உதகை சென்ற நம்மவர் சிலர் அவற்றை அண்ணாந்து பார்த்திருக்கலாம். அவை வந்த ஊர் இதுவென்று அறிந்திரார். இங்கு எஞ்சியிருப்பது அடித்தளமே.

இனி நம் இலாகாவின் கதை. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தபோது கோட்டையை ஊடறுத்தே போட்டார்கள். அதனை எண்ணுங்கால் நமக்குச் சிறிது கூச்சம் உண்டு; நம் வீட்டில் உலை கொதிப்பது அப்பாதையால் அன்றோ? பிற்காலத்தில் இரண்டாம் பாதை போட முற்பட்டபோது, திப்புவின் ஆயுதக் கிடங்குகளுள் ஒன்று குறுக்கே நின்றது. இடித்திருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும். இடிக்கவில்லை, வேலைதான் தேங்கியது. முடிவில் 2017இல், சுமார் 1000 டன் எடையுள்ள அக்கட்டடத்தின் அடியில் இரும்பு உத்தரங்களைச் செலுத்தி, ஜாக்கிகளால் மெல்லத் தூக்கி, கட்டுக்குலையாமல் நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தனர். வேகன் ஒன்றுக்கு 60 டன் என்று கொண்டாலும் பதினாறு, பதினேழு வேகன் பாரம்! நாள்தோறும் சரக்குக் கணக்கு எழுதும் நமக்கே மலைப்பாயிருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

மாலை வண்டி கோட்டையைக் கடக்கையில், கிடங்கு முன்பு நின்ற இடத்தின் மீது இரண்டாம் தண்டவாளம் ஓடுவதைப் பிள்ளைகளுக்குச் சன்னல் வழியே காட்டினோம்.