அண்டர்சன்வில் சிறையின் மரணப் பதிவேடு

யுத்தத்திற்குச் சென்ற மகன் மாண்டான் என்று செய்தி வருமாயின், தாய் அழுது ஒருவாறு ஆறுவாள். சிறைப்பட்டான் என்பதோடு செய்தி நின்றுவிடுமாயின் அவள் என் செய்வாள்? 1865ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வட மாநிலங்களிற் பல்லாயிரம் குடும்பங்கள் இந்நிலையிலேயே இருந்தன.

போர்க்களத்திற் காயமுற்றோருக்குப் பணி செய்து பெயர்பெற்ற கிளாரா பார்ட்டன் என்னும் மாது, வாஷிங்டன் நகரில் தாம் வாடகைக்கு இருந்த அறையிலேயே காணாமற்போனோரைத் தேடும் பணியைத் தொடங்கினார். உறவினர் எழுதியனுப்பிய பெயர்களைத் திரட்டி, பட்டியலாக அச்சிட்டுப் பத்திரிகைகளிலும் தபாற்கந்தோர்களிலும் வெளியிட்டார். 1868 வரை நடைபெற்ற அப்பணியில் அவருக்கு வந்த கடிதங்கள் 63,000க்கு மேல். கதி தெரியவந்தோர் 22,000க்கு மேல். அக்கடிதங்களுள் ஒன்று டொரன்ஸ் அற்வாட்டர் என்னும் இளைஞன் எழுதியது. பட்டியலிலுள்ளோர் பலரின் முடிவு தனக்குத் தெரியும் என்றான் அவன்.

பதினாறாம் வயதிற் குதிரைப்படையிற் சேர்ந்து, 1863இற் சிறைப்பட்டவன் அவன். ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் முகாமுக்கு 1864இற் கொண்டுசெல்லப்பட்டான். முகாம் என்பதிலும் மரவேலி சூழ்ந்த வெட்டவெளி என்பதே பொருந்தும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கூரையில்லை. நடுவே ஓடிய சிற்றோடையே குடிநீர். கழிவும் அதிலேயே கலந்தது. அங்கு அடைபட்ட ஏறக்குறைய 45,000 பேரில், பதினான்கு மாதங்களுள் ஏறக்குறைய 13,000 பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர்.

கையெழுத்து நன்றாயிருந்தமையால் அற்வாட்டர் முகாம் மருத்துவமனையில் இலிகிதனாக்கப்பட்டான். அன்றன்று இறந்தோரின் பெயரை ஏட்டிற் பதிவதே வேலை. அவ்வேடு உறவினரை ஒருநாளும் சென்றடையாதென அஞ்சிய அவன், காவலர் அறியாமல் இரண்டாவது பிரதியொன்றையும் எழுதிவந்தான். 1865இல் விடுதலை பெற்றபோது அதனை மேற்சட்டையின் உட்துணிக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். பிடிபட்டிருந்தால் அவன் பெயரும் அவ்வேட்டிலேயே ஏறியிருக்கக்கூடும்.

1865 யூலையில் அரசாங்கம் அனுப்பிய குழுவொன்றுடன் பார்ட்டன் அம்மையாரும் அற்வாட்டரும் அண்டர்சன்வில் சென்றனர். இறந்தோர் நீண்ட அகழிகளில் தோளோடு தோள் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் இலக்கமிட்ட மரக்கட்டையொன்று. இலக்கம் கட்டையில் இருந்தது. அதற்குரிய பெயர் ஏட்டில் இருந்தது. படையினர் கைப்பற்றிய மூல ஏட்டிற் சில பகுதிகள் காணப்படவில்லை. அக்குறையை அற்வாட்டரின் பிரதியே நிரப்பியது. இரண்டையும் ஒப்புநோக்கிக் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை நாட்டினர். ஏறக்குறைய 13,000 கல்லறைகளுள் பெயரறியப்படாதவை 460 மாத்திரமே.

இதன் பின் நிகழ்ந்ததை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது. யுத்தத் திணைக்களம் முன்னர் அவனுக்கு 300 டொலர் கொடுத்துப் பட்டியலைப் பெற்றிருந்தது. ஏடு தனக்கே சொந்தம் என்றது திணைக்களம். பிரதியெடுக்கவே கொடுத்தேன் என்றான் அவன். பயணத்தின்போது கைக்கு வந்த ஏட்டைத் திருப்பிக் கொடுக்க மறுக்கவே, இராணுவ நீதிமன்றம் அவனைத் திருட்டுக் குற்றவாளியாக்கிப் பதினெட்டு மாதக் கடூழியச் சிறை விதித்தது. பகைவர் சிறையிலிருந்து மீண்டவன் சொந்த அரசின் சிறைக்குச் சென்றான்! ஏறக்குறைய இரண்டு மாதங்களின் பின்னரே விடுவிக்கப்பட்டான்.

அப்பொழுதும் ஏட்டை அவன் விட்டானல்லன். 1866இல் நியூயோர்க் ரிபியூன் பத்திரிகை நிலையத்தார் அதனைக் குறைந்த விலையில் நூலாக வெளியிட்டனர். மாண்டவன் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், கண்ட நோய், கல்லறை இலக்கம் ஆகியன அதில் அடங்கியிருந்தன. தபாற்கந்தோர்ப் பட்டியலில் மகனைத் தேடிய தாய்மார், இப்பொழுது அந்நூலில் அவன் மாநிலத்துப் பக்கத்தைப் புரட்டினர்.