நிமிஷத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

எங்கள் ஊர்ப் பக்கம் யார் காலமானாலும் மறுநாள் விடிவதற்குள் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். மேலே படம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. காசு கொடுத்துப் பேசிய செல்போன் நிமிஷத்துக்கு மட்டும் யாரும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் தோற்றத்தில் சிக்கல் இல்லை: 31.7.1995. அன்றுதான் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் கூப்பிட்டவருக்கு நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. எடுத்தவருக்கும் கட்டணம் உண்டு. ராங் நம்பரை எடுத்தாலும் கைக்காசு போனது.

மறைவுத் தேதியில்தான் தகராறு.

செல்போனுக்கு முன்னால் இந்த நிமிஷத்தின் மூதாதை மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தில் குடியிருந்தது. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்படி ஒரு பூத்துக்கு அத்தையோடு போயிருக்கிறேன். மாமா குவைத்தில் இருந்தார். பேச வேண்டியதை அத்தை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எடுத்து வருவார்: சீட்டுப் பணம், சின்னவனுக்குக் காய்ச்சல், கொல்லைப்புறம் ஓடு மாற்றணும். கண்ணாடிக் கதவுக்குள் சிவப்பு எழுத்தில் எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். மாமாவின் குரலைக் கேட்டதும் அத்தைக்கு அழுகை வந்துவிடும். அதற்கே ஒரு நிமிஷம் போகும். "மீட்டர் ஓடுது, விஷயத்தைச் சொல்லு" என்று அந்தப் பக்கத்திலிருந்து அதட்டல் வரும். ஓடு விஷயம் எப்போதும் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

பிறகு வந்த மிஸ்டு கால், ரேட் கட்டர், பத்து ரூபாய் டாப்-அப் எல்லாம் அந்த நிமிஷத்தை ஏய்க்க நாம் கண்டுபிடித்த வழிகள். கம்பெனிகளும் விட்டுக்கொடுத்துப் பார்த்தன. 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும் மற்றவர்களும் பின்னால் வர வேண்டியதாயிற்று. ஆனாலும் நேரத்தை அளந்து விற்பதுதான் வியாபாரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வியாபாரத்தைத்தான் இணைய அழைப்பு அடித்தது. பேச்சைத் துண்டு துண்டாக்கி, படம், பாட்டு போகும் அதே டேட்டாவில் ஏற்றிவிட்டது. டேட்டாவுக்குக் குவைத்தும் ஒன்றுதான், கும்பகோணமும் ஒன்றுதான். வெளிநாட்டு அழைப்பு வழக்கமான பாதையில் வந்தால், அதை இங்கே வாங்கிச் சேர்க்கும் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 53 பைசா கிடைத்தது. 2018 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 30 ஆக்கியது. வாட்ஸ்அப்பில் வந்தால் அந்தப் பங்கே கிடையாது. இதற்கு நடுவில் 'சிம் பாக்ஸ்' கும்பல்கள் வேறு. அழைப்பை இணையத்தில் கடத்தி வந்து உள்ளூர் சிம்மில் இறக்குவார்கள். அயல்நாட்டில் இருப்பவர் கூப்பிட்டால் நம் திரையில் உள்ளூர் நம்பர் விழும்.

கம்பெனிகளின் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010இல் 3ஜி ஏலத்துக்கு மட்டும் 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டியவர்கள் அவர்கள். டவர் போட்டவர்களும் அவர்கள். செயலிக்காரன் ஏலத்தின் பக்கமே வரவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. எனக்கு அப்போதும் பரிதாபம் வரவில்லை. டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு வாங்கியாயிற்று. அதில் பேசுகிறேனா பாட்டுக் கேட்கிறேனா என்று பார்ப்பது, தண்ணீர் வரி கட்டியவனிடம் ரசத்துக்குத் தனி வரி கேட்பது போல.

ஆக, மறைவு எது? ஸ்கைப் பிறந்த 2003 ஆகஸ்டா? வாட்ஸ்அப்பில் பேச்சு வந்த 2015ஆ? நான் 5.9.2016 என்றுதான் அச்சடிப்பேன். அன்று வந்த ஜியோவின் நெட்வொர்க்கில் பேச்சும் டேட்டாவாகத்தான் போகிறது. அழைப்பு இலவசம், காசு டேட்டாவுக்கு என்றார்கள். வெளியிலிருந்து வந்த அடியைவிட வீட்டுக்குள்ளிருந்து வந்த அடி பலமானது. இடையில் 2019இல் பிற நெட்வொர்க் அழைப்புக்கு நிமிஷத்துக்கு 6 பைசா என்று செத்த நிமிஷம் ஆவியாக எட்டிப் பார்த்தது. 2021 ஜனவரியில் அதுவும் அடங்கியது.

கூடவே சிலர் உடன்கட்டை ஏறினார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் சிக்னல் போய், நம்பரைக் காப்பாற்ற ஜனம் வரிசையில் நின்றது. அதற்குக் கடன், விலைப்போர் என்று பல காரணங்கள். பழியை இணைய அழைப்பின் தலையில் மட்டும் போட முடியாது.

இப்போது குவைத்தில் இருப்பது அத்தையின் மகன், அன்று காய்ச்சலில் படுத்த சின்னவன். வெள்ளிக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்துவிடுவான். அத்தை போனை மிக்ஸியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவார். அவன் அங்கே துணி மடிப்பான். கால் மணி நேரம்கூட ஒருவரும் பேச மாட்டார்கள். போன வாரம் நான் போயிருந்தபோது அத்தை கொல்லைப்புறம் போயிருந்தார். போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "யம்மா, மூணு விசில் வந்துடுச்சு, அடுப்பை அணை."