இலங்கை மலாய்: இலக்கணம் மாறிய மொழி சிதைந்த மொழியா?

ஹிஞ்சேவாடியில் வளரும் தமிழ்க் குழந்தைகள் மராத்தியும் இந்தியும் கலந்து பேசும்போது, 'மொழி கெட்டுவிட்டது' எனப் பெரியவர்கள் வருந்துவதைக் கேட்கிறேன். கலப்பினால்தான் மொழி அழிகிறதா? இலங்கை மலாயின் வரலாறு வேறு விடை தருகிறது.

ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழி, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒல்லாந்தர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவந்த படைவீரர், நாடுகடத்தப்பட்டோர் வழியாக இலங்கையில் வேரூன்றியது. பொது மலாயில் 'வீட்டில்' என்பது 'டி ரூமா'. உருபு முன்னே நிற்கும். இலங்கை மலாயில் அது 'ரூமா-கா'. 'கண்டிக்கு' என்பது 'கண்டி-நங்'. சொற்கள் மலாய், வாக்கிய அமைப்போ தமிழுக்கும் சிங்களத்துக்கும் நெருக்கமானது. தமிழ் பேசும் முஸ்லிம்களுடனான மண உறவே இதற்குக் காரணம் என்பார் ஒரு சாரார். தமிழ், சிங்களம் இரண்டுடனும் நேர்ந்த பன்மொழிச் சூழலே காரணம் என்பார் மறுசாரார்.

இது விந்தையன்று. இதே மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வாடில் மராத்தி, கன்னடம், உருது ஆகியவற்றின் வாக்கிய அமைப்புகள் ஒன்றையொன்று நெருங்கியதையும், சொற்கள் தனித்தே நின்றதையும் கம்பர்ஸ், வில்சன் இருவரும் 1971இல் விளக்கினர்.

இவ்வாறு மாறிய பின்னரும் இலங்கை மலாய் வாழ்ந்தது. ஆங்கிலேயரின் மலாய்ப் படைப்பிரிவு அச்சமூகத்தை ஒன்றாக வைத்திருந்தது. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் 'ஆலமத் லங்காபுரி' என்னும் மலாய் இதழை அரபு எழுத்தில் வெளியிட்டார். 1873இல் அப்படை கலைக்கப்பட்டது. குடும்பங்கள் காவல்துறை, தோட்டம் எனச் சிதறின. பிற்காலத்தில் பள்ளிக்கூடம் சிங்களத்திலோ தமிழிலோ அமைந்தது. கொழும்பு வீடுகளில் ஆங்கிலமும் புகுந்தது. கொழும்பு, மலையகம், கிரிந்தை என வழக்குகள் பல உண்டு. அவற்றுள் அம்பாந்தோட்டை மாவட்டத்து மீனவ ஊரான கிரிந்தையின் வழக்கே குழந்தைகளுக்குத் தாய்மொழியாகத் தொடர்ந்ததென ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

ஆக, மொழியை நலிவித்தது இலக்கணக் கலப்பன்று. அதைப் பேசுவதற்கான இடங்கள் குறைந்ததே. மீட்பு முயற்சிகளிலோ மலேசியாவின் பொது மலாய் 'தூய' வடிவமாகக் கற்பிக்கப்படும்போது, 'ரூமா-கா' பிழையாகிவிடுகிறது. பாட்டியின் பேச்சைத் திருத்தும் பேரன் அதைக் கற்றுக்கொள்வதில்லை. களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் அப்பேச்சைத் திருத்தாமல், எந்த ஊர் வழக்கு என்ற குறிப்புடன் பதிவு செய்ய வேண்டும்.